சுத்தம் செய்யாத பாட்டு

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். எதிரில் நிற்பவர் குனிந்து காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். திட்டு வாங்குகிறவனே கிட்டத்தில் போய் நின்று, ஒரு வார்த்தை சிந்தாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பலமுறை அப்படி வாங்கியிருக்கிறேன். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள்.

செரண்டா என்ற ஊரில் பீங்கான் கழுவுதொட்டிகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்தார். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு தொட்டியையும் சின்ன மரச் சுத்தியால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல தொட்டி மணி மாதிரி ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிடும். ஒருமுறை அவர் தள்ளிவைத்த தொட்டிகளைச் சூப்பர்வைசர் திரும்ப அனுப்பி, தேறியதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார். அக்கா போடவில்லை. பெட்டி மடிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் அட்டைப்பெட்டி மடித்தார். வாங்கியவர்களிடமிருந்து உடைந்த தொட்டிகள் திரும்பி வரத் தொடங்கியதும் பழைய இடத்துக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"மன்னிப்புக் கேட்டாங்களாக்கா?" என்றேன்.

"சுத்திய கையில குடுத்தாங்க. அவ்ளோதான்."

அதைச் சொன்னபோது குரல் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்றால், மேலே ஓடிய காற்றாடியை நிறுத்தித்தான் நான் கேட்டேன்.

அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை, பழக்கம் பாட்டால் வந்தது. நான் ரவாங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துக்கொண்டு, ராசா என்ற ஊரில் ஒரு பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தேன். அக்கா கோயில் விழாக்களுக்கு மைக் கட்டித் தருவார். கூலி கேட்க மாட்டார். ஆனால் பாடுகிறவர் பாடிக்கொண்டிருக்கும்போது யாராவது மைக்கில் கார் நம்பரை அறிவிக்க வந்தால் விடமாட்டார். கோயில் தலைவரே ஒருமுறை துண்டுச்சீட்டோடு வந்து, பாட்டு முடியும்வரை மேடையோரம் நின்றிருக்கிறார்.

தனியாகத்தான் இருந்தார். ரயில் பாதைக்குப் பின்பக்கம் காட்டி நிற்கும் மலிவுவிலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. படுக்கையறைதான் பாட்டுப் பதியும் இடம். சுவரில் மெத்தை சாத்தியிருக்கும். அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, உள்ளே புடவைகளும் போர்வைகளும் சத்தத்தை வாங்கிக்கொள்ளும்படி செய்திருந்தார். முட்டை அட்டை ஒட்டலாமே என்று நான் யோசனை சொன்னேன். "முட்டை அட்டைக்குக் கரப்பான்தான் வரும். சத்தம் ஒன்னும் நிக்காது" என்றார். கதவில் கொமூட்டர் ரயிலின் நேர அட்டவணை. ஒரு ரயில் போனதும் பதிவு தொடங்கும், அடுத்தது வருவதற்குள் முடிய வேண்டும். எங்கள் குழுவில் ஆலாபனைகள் குட்டையானதற்கு அந்த ரயில்தான் காரணம்.

அவரிடம் இருந்தது நாலு தடக் கேசட் இயந்திரம். குரல் ஒரு தடம், ஆர்மோனியம் ஒரு தடம், உறுமி ஒரு தடம் என்று தனித்தனியாகப் பதியலாம். தடம் போதாவிட்டால் மூன்றையும் கலந்து நாலாவதில் ஏற்றிவிட்டு, அந்த மூன்றின் மேல் புதிதாகப் பதியலாம். ஏற்றிய பிறகு பிரிக்க முடியாது. ஒரு பாட்டில் நான் ஒரு கட்டையைத் தவறாக அழுத்திவிட்டேன். ஏற்றி முடித்து, மேலே உறுமியும் பதிந்த பிறகு சொன்னேன். "வாசிச்சப்பவே உனக்குத் தெரியும்தானே?" என்றார். தெரியும். "அப்பவே சொல்லியிருக்கணும்." அந்தப் பாட்டு இன்றும் அந்தத் தவறோடுதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் ஒரு மடிக்கணினியும், மைக்கைக் கணினியில் செருகுகிற சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். அக்காவிடம் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினேன். எத்தனை தடம் வேண்டுமானாலும் போடலாம், தப்பை மட்டும் வெட்டி ஒட்டலாம், எதை அழித்தாலும் திரும்ப வரவழைக்கலாம் என்று அடுக்கினேன். அவர் மறுப்பார், நான் மடக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் மறுக்கவே இல்லை.

"நல்ல சாமான்தான்லா" என்றார். "டேப்புல கேட்டா மனசுக்கு இதமா இருக்குன்னு எவனாச்சும் சொன்னா இங்க கூட்டிட்டு வா, இந்த இரைச்சல உக்காந்து கேக்கட்டும். என்கிட்ட இருக்கிறது இது. பெல்ட்டு அறுந்தா நானே மாத்திருவேன். உன்னுது வாங்கணும்னா மூணு மாச சம்பளம். அதான் இதுல பண்றேன்."

கேசட்டுகள்தான் பெரிய பாடு. புதியது எங்கும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரவாங் பழைய சாமான் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிளறுவார். வாங்கி வந்ததை உடனே பயன்படுத்த மாட்டார். இரண்டு பக்கமும் முழுவதும் ஓடவிட்டுக் கேட்பார். கடையில் விற்ற பாட்டு என்றால் மேலே பதிவார். வீட்டில் யாரோ பதிந்த குரல் என்றால் தொடமாட்டார். ஒரு கேசட்டில் ஒரு மலாய்க் குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் மறந்து போய்ச் சிரித்தது. நல்ல ரகக் கேசட், எங்கள் பதிவுக்கு அவசரமாக வேண்டியிருந்தது.

"யாரோ தூக்கிப் போட்டதுதானேக்கா" என்றேன்.

"தூக்கிப் போட்டது அவங்க. இதுக்கு மேல பதிய எனக்கு யாரு லைசன் குடுத்தா?"

அப்படிச் சேர்ந்த கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. யார் குரல் என்று அவருக்கே தெரியாது.

இப்படிப்பட்டவருக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே உள்ள பாமாயில் எடுக்கும் செம்பனை மரத் தோட்டம் ஒன்றில் திருவிழாவுக்கு மைக் கட்டப் போனபோது ராஜம்மாவின் பாட்டை அக்கா கேட்டிருந்தார். ராஜம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். இருபது வருஷம் புல்லைச் சாகடிக்கும் நீல மருந்தடித்தவர். தொண்டை கரகரவென்று தேய்ந்து போயிருந்தது. மருந்தடிக்கும் பெண்கள் வேலைக்கு நடந்து போகும்போது கட்டிய பாட்டு அது, பாதி வரிகள் ராஜம்மாவுடையவை. மகன் குமார், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைச் செரண்டாவுக்குக் கூட்டிவந்து விட்டுப் போனார்.

முதல் சரணம் விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பெரட்டைப் பற்றியது. இரண்டாவது, செம்பனை நிழலில் சோறு உண்பதைப் பற்றி. மூன்றாவது இது:

தோளுமேல பம்பு ஏத்தி
தொண்டைக்குள்ள இறங்குதடி
தூங்கி எழுந்து துப்பிப் பாத்தா
துணியெல்லாம் நீலமடி

மூன்றாவது வரி முடிந்ததும் ராஜம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. நெஞ்சின் அடியிலிருந்து வருகிற இருமல். அது ஓய்ந்ததும் தாளம் தவறாமல் நாலாவது வரியைப் பிடித்துப் பாடி முடித்தார்.

"பாத்தியாம்மா, கெடுத்துட்டேன். அத அழிச்சிரு" என்றார்.

அக்கா டேப்பைப் பின்னால் ஓட்டி, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினார். "கேட்டுட்டு நீங்களே சொல்லுங்கக்கா. உங்க பாட்டு. வேணும்னா திரும்ப முதல்லருந்து எடுத்துருவோம்."

ராஜம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இருமல் வந்தபோது லேசாகச் சிரித்தார்.

"இருக்கட்டும்மா. அதும் எங்கூட வேலைக்கு வந்ததுதான."

டேப் அறுந்தால் எல்லாம் போய்விடும், ஒரு நகல் உன் கணினியில் எடுத்து வை என்று அக்கா என்னிடம் சொன்னார். எடுத்து வைத்தேன். சில மாதம் கழித்து, அந்தத் தோட்டத்தை நடத்தும் கம்பெனி தோட்ட மக்களைக் கௌரவிக்கப் போவதாக ஒரு விழா ஏற்பாடு செய்தது. கோலசிலாங்கூரில் மண்டபம். இசைக்குப் பொறுப்பேற்ற ஸ்டூடியோக்காரர் எனக்குத் தெரிந்தவர். அசல் தோட்டப் பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பெரிய இடம், நம்முடைய பதிவு நாலு பேர் காதில் விழட்டுமே என்று நினைத்தேன். ராஜம்மாவைக் கேட்கவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை, விழாவில் கேட்டுத் திகைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நகலை அனுப்பினேன். 'இரைச்சல் நிறைய இருக்கு, கொஞ்சம் சுத்தம் பண்ணிக்கிறேன்' என்று ஸ்டூடியோக்காரர் வாட்சப்பில் எழுதினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். ஒரு பெண்ணின் இருபது வருஷத்தை நான் ஒரு கட்டைவிரலால் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தோட்டத்து ஆட்களைப் பேருந்தில் அழைத்து வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பழக்கூடை. ராஜம்மா பக்கத்தில் நான் அழைத்து வந்த அக்காவும், அவர்களுக்குப் பின்வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தோம். விளக்குகளைக் குறைத்துவிட்டுப் பெரிய திரையில் படம் ஓட்டினார்கள். பச்சைப் பசேலென்ற செம்பனைக் காடு, சிரித்துக்கொண்டே நடக்கும் பெண்கள். பின்னணியில் பாட்டு.

எனக்கே ஒரு கணம் புரியவில்லை. மெட்டும் வார்த்தைகளும் அதேதான். ஆனால் குரல் வழுவழுவென்று, இருபது வயதுப் பெண்ணுடையது போல இருந்தது. கரகரப்பு இல்லை. வரிக்கு வரி இழுத்துப் பிடித்த மூச்சு இல்லை. இரண்டாவது சரணம் முடிந்ததும் பாட்டு மறுபடி முதல் சரணத்துக்கே போய்விட்டது. கைதட்டினார்கள்.

ராஜம்மா அக்கா பக்கம் சாய்ந்தார். "நம்ம பாட்டு மாதிரியே இருக்கேம்மா. யாரு இந்தப் புள்ள?"

"நீங்கதாங்கக்கா" என்றார் அக்கா.

"போம்மா" என்று ராஜம்மா சிரித்தார். சிரித்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அக்கா எழுந்து மண்டபத்தின் பின்னால் இருந்த ஒலி மேசைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஸ்டூடியோக்காரர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அக்கா பேசத் தொடங்கியதும் அவர் குனிந்தார்.

"மூணாவது சரணம் எங்க?"

"நேரம் பத்தல, சிஸ்டர். அதோட ஸ்பான்சர் கொஞ்சம் சந்தோஷமா இருக்கட்டும்னாங்க."

"இருமல்?"

"அது நோய்ஸ்லா, சிஸ்டர். இப்ப உள்ள சாஃப்ட்வேர்ல ஒரு கிளிக்குல போயிரும்."

"இருபது வருஷமா அந்தம்மாவுக்குப் போகல. உங்களுக்கு ஒரு கிளிக்குல போயிருச்சா?"

அவர் நிமிர்ந்து என்னைக் காட்டினார். "இவருக்குத் தெரியும், சிஸ்டர். இவருதானே குடுத்தாரு. சுத்தம் பண்றேன்னு சொல்லிட்டுத்தான் பண்ணேன்."

திரும்பி வருகிற வழியில் என் காரில் அக்கா பின் இருக்கையில் ராஜம்மாவோடு உட்கார்ந்துகொண்டார். ராஜம்மாவைத் தோட்டத்தில் இறக்கிவிட்ட பிறகுதான் முன்னால் வந்தார். நான் சாஃப்ட்வேரைக் குறை சொல்ல ஆரம்பித்தேன். கணினியில் எதையும் செய்துவிடலாம் என்பதால்தான் இப்படியெல்லாம் நடக்கிறது என்றேன்.

"மெஷின் மேல போடாத" என்றார். காரை ஓரமாக நிறுத்தினேன், ஓட்டிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்க முடியாது. "டேப்பா இருந்தாலும் அவன் பிளேடு வச்சு வெட்டியிருப்பான். அந்தம்மா இருக்கட்டும்னு சொன்னத நீ காதால கேட்டவன். குடுக்கிறதுக்கு முன்ன அவங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட எதுக்கு?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் ராஜம்மாவிடம் கேட்டேன். அவர் தேநீர் கொடுத்தார். "அந்தப் புள்ள நல்லாத்தான் பாடுது தம்பி" என்று மட்டும் சொன்னார். அதைவிட அடித்திருக்கலாம்.

எட்டு மாதம் அக்கா என்னோடு பேசவில்லை. அந்தப் படத்தைக் கம்பெனி இணையத்தில் ஏற்றியது. அதை எடுத்துவிடச் சொல்லி நான் கடிதம் எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கும் அதே பதில், எழுத்து மாறாமல். நடந்ததற்குப் பெயர் கருத்தாம்.

எட்டாவது மாதம் ராஜம்மா இறந்துவிட்டார். நுரையீரல் என்றார்கள். நான் போனபோது தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அக்கா முன்னமே வந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் குமார் தன் கைபேசியை ஒரு சின்ன ஒலிபெருக்கியில் இணைத்து, "அம்மா பாட்டு" என்று சொல்லிப் போட்டார். இணையத்தில் இருந்ததுதான். அவரிடம் வேறு எது இருந்தது? நாங்கள் எடுத்த பதிவைக் கேசட்டில்தான் அவர் வீட்டுக்குக் கொடுத்திருந்தோம், அந்த வீட்டில் கேசட் போட ஒன்றும் கிடையாது. அதைக்கூட நாங்கள் யோசித்திருக்கவில்லை.

அந்த வழுவழுத்த குரல் பந்தல் முழுக்க நிறைந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். குமார் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி குலுங்கி அழுதார். அக்கா எழுந்தார். பாட்டின் நடுவில் தலைவரையே காக்க வைத்தவர், இப்போது போய் நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குமாரின் அருகில் போய், முதுகில் கையை வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை நின்றார்.

பிறகு வெளியே, குமாரின் லோரிக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்ததும் எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பேசினார்.

"அழுதுகிட்டிருக்கிறவன்கிட்ட போயி, இது உங்கம்மா குரல் இல்லடான்னு நான் எப்படிடா சொல்றது? என்னை வாயடைக்க வச்சிட்டானுங்களே. பொய்யக் கேட்டுக்கிட்டு நானே சும்மா நின்னேனே."

சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் திரும்பிப் போனார்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். கணினியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். இயந்திரத்தின் தலையைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, என்னிடம் இருந்த பழைய நகலை நம்பாமல் மூலக் கேசட்டையே போட்டார். "எடு. ஒன்னையும் தொடாத" என்றார். நடுவில் ஒரு ரயில் போனது. கம்பி வழியே எடுக்கும் பதிவில் விழவே முடியாத அந்த ரயிலுக்காகக்கூட நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கருமாதியன்று அதை ஒரு பென்டிரைவில் குமாரிடம் கொடுத்தார். என்ன நடந்தது என்பதையும், நான் கொடுத்ததையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னார். குமார் என்னைப் பார்த்தார். லோரியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். நாங்கள் வெளியே நின்றோம். மூன்றாவது சரணம் வந்தது. இருமல் வந்தது. பாட்டு நின்றது, கொஞ்சம் பின்னால் போய் மறுபடி இருமல். மறுபடி. நாலைந்து தடவை அதையே போட்டார். பாட்டை முழுவதும் கேட்க அவருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இறங்கி வந்து, "காலையில எழுந்திரிச்சா அம்மா இப்படித்தான்" என்றார். பிறகு, "அப்ப இவ்ளோ நாளா நான் போட்டு அழுதது யாரை?" என்று கேட்டார்.

அதற்கு அடுத்த வாரம் மூன்று பேரும் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். குமார் கையெழுத்திட்ட கடிதம் அக்காவின் பையில் இருந்தது. ஓர் அதிகாரி வந்தார், தமிழர்தான். "உங்கம்மாவுக்கு மரியாதைதானே செஞ்சிருக்கோம்" என்றார்.

"எங்கம்மா பாடுனதப் போடுங்க" என்றார் குமார். "இல்லன்னா எடுத்துருங்க."

"மூணாவது சரணம் கொஞ்சம் சென்சிட்டிவ்…"

"மருந்து சென்சிட்டிவ் இல்லையாங்க?" என்றார் அக்கா. அதிகாரி குனிந்து, "என்னங்க?" என்றார். அக்கா அதே குரலில், அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார். அவர் மூன்றாம் முறை கேட்கவில்லை.

சில வாரங்களில் படம் இணையத்திலிருந்து காணாமல் போனது. விளக்கமோ மன்னிப்போ வரவில்லை. பிரதி எடுத்தவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். போன தீபாவளிக்கு ரவாங்கில் ஒரு கடையில் அது ஓடியதைக் கேட்டுவிட்டு, வாங்கப் போனதை வாங்காமல் திரும்பினேன்.

குமாரின் சம்மதத்தோடு முழுப் பாட்டையும் அக்கா இணையத்தில் ஏற்றினார். பாடியவர் ராஜம்மா, இருபது வருஷம் மருந்தடித்தவர் என்று கீழே எழுதினார். வேறு எதுவும் எழுதவில்லை. கம்பெனிப் படத்தைப் பார்த்த கூட்டத்தில் கால்வாசிகூட இதைக் கேட்கவில்லை.

இப்போது அவர் செரண்டாவில் இல்லை. தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது வேலையை விட்டு, தம்பி வீட்டோடு ஜொகூர் பக்கம் போய்விட்டார். கைபேசி எண்ணும் மாறிவிட்டது. அவரைக் கடைசியாகப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. ஆனால் அவர் பாட்டை ஏற்றிய இணையப் பக்கத்தை நான் அவ்வப்போது திறந்து பார்ப்பேன். கேட்பவர்களில் யாராவது ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், கீழே எழுதிவிட்டுப் போவார்: பாட்டு அருமை, ஒலித்தரம்தான் சரியில்லை, இரைச்சலையும் இருமலையும் நீக்கிச் சுத்தம் செய்து போடக்கூடாதா?

போன வாரமும் ஒருவர் அப்படி எழுதியிருந்தார். அன்றைக்கே பதில் வந்திருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் வந்த அதே பதில், ஒரே சொல்.

'முடியாது.'